பன்னிரண்டு நிமிடச் சாப்பாடு

வரிசை நகரவே இல்லை.

கருத்தரங்க அறையின் வாசலில் ஒரு எடை எந்திரத்தை வைத்திருந்தார்கள். பெயரைப் பதிந்து, எடை பார்த்து, உள்ளே போக வேண்டும். வெளியே ஐப்பசி மழை சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. கண்ணாத்தாளுக்கு முன்னால் நின்றவனைப் பார்த்தால் எடை பார்க்க வந்தவன் போலத் தெரியவில்லை. குளத்தில் இறங்கப் போகிறவன் போல இருந்தது. முதலில் செருப்பைக் கழற்றினான். பிறகு கடிகாரம். பெல்ட். சட்டைப் பையிலிருந்து விசில், பேனா, சில்லறை, சாவிக்கொத்து... எல்லாவற்றையும் ஜன்னல் திண்டில் அடுக்கினான்.

"சார், கையில இன்னும் மோதிரம் இருக்கு," என்றாள் பொறுக்க முடியாமல்.

அவன் விரலைப் பார்த்தான். "ஆமாங்க... மறந்தே போச்சு." உண்மையாகவே கழற்றினான்!

"என்ன சார், நேத்திக்கடனா?"

"சிரிக்காதீங்க. அந்தச் சாவிக்கொத்து நாப்பது கிராம். நாப்பது கிராம் கூடுதலா இருந்துச்சுன்னு ஒரு புள்ளைய மேட்ச்லயே எறக்கல. கபடில அப்புடித்தான்."

மூச்சை முழுக்க வெளியே விட்டு எந்திரத்தில் ஏறினான், இறங்கினான், திரும்பினான். அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். கருத்த, அமைதியான கண்கள். எதிரில் இருப்பவரை அவசரமில்லாமல் பார்க்கிற கண்கள்... அவளை யாரும் அப்படிப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

"ஏறுங்க மேடம். ஒங்களுக்கு ஒரு நொடில முடிஞ்சிரும். நாப்பத்து மூணரை இருப்பீங்க."

எந்திரம் நாற்பத்து மூன்று புள்ளி ஆறு காட்டியது.

"பொம்பளைங்க எடைய இப்படிச் சபையில ஏலம் விடுவீங்களா?"

"நூறு கிராம் தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். கண்ணாத்தாள் விடுவிடுவென உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். முகம் சூடாக இருந்தது. எடையைச் சொன்னதற்காகவா? இல்லை... தன்னைப் பார்த்த மாத்திரத்தில் தன்னிடம் எவ்வளவு குறைவு என்று ஒருவனுக்குத் தெரிந்துவிட்டதே, அதற்காக.

அது விளையாட்டு வீரர்களோடு வேலை பார்ப்பவர்களுக்கான உணவியல் தொடர்கல்விப் பயிற்சி. புதுக்கோட்டையில் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். பி.டி. ஆசிரியர்கள், பயிற்சியாளர்கள், பிசியோதெரபிஸ்டுகள், அவளைப் போன்ற டயட்டீஷியன்கள். நடத்தியவர் டாக்டர் ரகுநாத். பேச்சைவிட வேலை வாங்குவதில் நம்பிக்கையுள்ளவர்.

"கொழுப்பு, புரதம் எல்லாம் புத்தகத்துல இருக்கு," என்றார் அவர். "ஒருத்தர் உண்மையிலேயே என்ன சாப்பிட்டார்னு தெரிஞ்சுக்கிறதுதான் கஷ்டம். அதனால ஒரு டயட்டீஷியன், ஒரு கோச்னு ஜோடி சேரப் போறீங்க. இந்த வாரம் கோச் தினமும் ஃபோன் பண்ணி, டயட்டீஷியன் என்ன சாப்பிட்டார்னு கேட்டு எழுதணும். அடுத்த வாரம் டயட்டீஷியன் கேக்கணும். டயட்டீஷியன்களே... நீங்க ஊரையே கேக்கிறவங்க. ஒரு வாரம் பதில் சொல்லிப் பாருங்க."

பட்டியலில் அவள் பெயருக்கு நேரே இருந்த பெயர் சோலையப்பன். பி.டி. ஆசிரியர், பெண்கள் கபடிப் பயிற்சியாளர், அன்னவாசல். தலையைத் திருப்பினால், அந்த மோதிரக்காரன் பெல்ட்டை மாட்டியபடி அவளைப் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எத்தன மணிக்குக் கூப்புடட்டும் மேடம்?"

"சாயங்காலம் ஏழு."

"அப்ப ஏழு."

*

கண்ணாத்தாளுக்கு முப்பத்து நான்கு வயது. திருக்கோகர்ணத்தில் ஒரு மாடி வீடு, வாடகைக்கு. அம்மா போய் நான்கு வருடம். அண்ணன் ஆனந்தராஜ் குவைத்தில். வாரத்துக்கு ஒரு முறை போனில் குரல் செய்தி அனுப்புவான்... "நல்லா இருக்கியா? சரி, பாத்துக்க." கேள்வியும் பதிலும் அவனே சொல்லி முடித்துவிடுவான். வரன் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்து போனார்கள். யாரும் வேண்டுமென்று விடவில்லை. பேருந்தில் தூங்கிவிட்டவரை எழுப்பாமல் இறங்கிப்போவது போல, ஆளுக்கொரு நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார்கள்.

மருத்துவமனையில் ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் கேட்பாள். காலையில் என்ன சாப்பிட்டீங்க? ராத்திரி? அவளிடம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டு நான்கு வருடம் ஆகிறது.

திங்கட்கிழமை ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"மேடம், சோலையப்பன். என்ன சாப்புட்டீங்க?"

வீட்டுப்பாடம்தான். தெரியும். ஆனாலும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மத்தியானம் கேன்டீன்ல எலுமிச்சை சாதம். பாதி. சாயங்காலம் டீ... ரெண்டு பிஸ்கட்."

"காலைல?"

"டீ."

"அம்புட்டுத்தானா?"

"அவ்வளவுதான்."

"சரிங்க மேடம். வச்சிரவா?"

திரையில் மின்னியது: ஒரு நிமிடம், எட்டு நொடி.

பிறகு அறை. கீழ்வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்து அடங்கியது. யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவள் போனை மடியில் வைத்தபடி இருந்தாள். முழுக்க இருட்டிவிட்டிருந்தது. விளக்குப் போடத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை, தான் என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமலேயே சொன்னாள்: "காலையில வெண்பொங்கல். மதியம் சாதம், பாசிப்பருப்புக் கூட்டு, வெண்டைக்காய்ப் பொரியல், மோர். சாயங்காலம் சுண்டல். நைட்டுக்கு ரெண்டு சப்பாத்தி, குருமா..."

"அடேங்கப்பா! இருங்க இருங்க, எழுதிக்கிறேன். கூட்டு எத்தன கரண்டி?"

"ஒண்ணரை."

"எந்தக் கரண்டி? குழிக்கரண்டியா, சாம்பார் கரண்டியா?"

"சாம்பார் கரண்டி."

"எங்க வீட்ல மதினி கைதான் கரண்டி. அது அள்ளி வச்சா அதுதான் அளவு. கேள்வி கேட்டா இன்னொரு கரண்டி விழும். சரி... குருமால தேங்காய் உண்டா?"

"கொஞ்சம்."

"அரச்சதா, பாலா?"

சிரிப்பு வந்தது. அரைத்த தேங்காயைக் கண்ணால் பார்த்து எத்தனை மாதம்! பன்னிரண்டு நிமிடம் பேசினார்கள்.

கணக்கு எளிதாக இருந்தது. மூன்று பதார்த்தத்துக்கு ஒரு நிமிடம். எட்டுப் பதார்த்தத்துக்குப் பன்னிரண்டு. அதன் பிறகு அவள் தினமும் சமைத்தாள்... அடுப்பில்லாமல். பேருந்தில் வரும்போதே காய் நறுக்கி, தாளித்து, இறக்கிவைத்து, ஏழு மணிக்குப் பரிமாறினாள். புதன்கிழமை மீன் குழம்பு. வியாழக்கிழமை அடை, அவியல். அவன் ஒவ்வொன்றுக்கும் கரண்டி கேட்டான். நடுநடுவே தன் கதையும் வந்தது. தங்கச்சிக்கு முடியட்டும் என்று தள்ளிப்போட்ட கல்யாணம், பிறகு தானே தள்ளிப்போனது. அண்ணன், மதினி வீட்டில் ஒரு அறை. சாயங்காலம் பதினாறு பெண்பிள்ளைகளோடு மைதானம்.

வெள்ளிக்கிழமை, "நைட்டுக்கு முருங்கைக்கீரைப் பொரியல்," என்றாள்.

பேனா நின்றது போலிருந்தது.

"ராத்திரிலயா?"

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ராத்திரியில் யார் வீட்டில் கீரை வைப்பார்கள்? "அதெல்லாம்... பழைய நம்பிக்கை மாஸ்டர். நான் டயட்டீஷியன்."

"எங்க ஆத்தா இருந்திருந்தா ஒங்களப் புடிச்சு ஏசியிருக்கும்," என்று சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் எங்கோ இறங்கிப் போய்விட்டது. அன்று அவன் கரண்டி கேட்கவில்லை.

*

இரண்டாவது ஞாயிறு. வாசலில் மறுபடி எடை. நாற்பத்து மூன்று புள்ளி ஒன்று.

மதிய உணவுக்கு முன்னால் டாக்டர் ரகுநாத் படிவங்களைக் கேட்டார். கடைசியில் ஒரு வரி இருந்தது: 'இந்தப் பதிவு நம்பத்தக்கது.' அதன் கீழே கேட்டு எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும்.

சோலையப்பன் பேனாவை மூடி மேசைமேல் வைத்தான்.

"மாஸ்டர், கையெழுத்து?" என்றார் டாக்டர்.

"போட முடியாது சார்."

"ஏன்?"

"வேணாம் சார். போட முடியாது. அம்புட்டுத்தான்."

நாற்பது தலைகள் திரும்பின. அவளுடைய மருத்துவமனையிலிருந்து வந்த பிசியோதெரபிஸ்ட் ரம்யாவும் திரும்பிப் பார்த்தாள். கண்ணாத்தாளுக்குக் காதுக்குள் இரைந்தது. படிவத்தை அவன் முன்னாலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்தாள். மழை வலுத்திருந்தது. தாழ்வாரத்தைத் தாண்டிப் போக வழியில்லை. பின்னாலேயே அவன் வந்து நின்றான்.

"மேடம்..."

"நான் என்ன சொன்னேனோ அதைத்தானே எழுதினீங்க? கையெழுத்துப் போடறதுல என்ன கொறஞ்சு போச்சு? எல்லார் முன்னாலயும் என்னைப் பொய்க்காரியாக்கிட்டீங்க."

"இம்புட்டும் சாப்புட்டவங்க அரைக் கிலோ எறங்க மாட்டாங்க மேடம்." குரலைத் தாழ்த்தினான். "அதோட... தினமும் ஏழு மணிக்குப் பேசினோம். ஒரு நாள்கூட ஒங்க வீட்ல ஒரு பாத்திரம் உருளுற சத்தம் நான் கேக்கல."

அவள் மழையைப் பார்த்தாள்.

"போன வருசம் வைஷ்ணவின்னு ஒரு புள்ள. ஐம்பத்தஞ்சு கிலோ பிரிவு. ரெண்டு கிலோ கூட இருந்துச்சு. எனக்குத் தெரியாம ரெண்டு ஸ்வெட்டரப் போட்டு ஓடியிருக்கு. ரெண்டு நாளு பச்சத் தண்ணி குடிக்கல. நான் கேக்கறப்பல்லாம் 'சாப்புட்டேன் மாஸ்டர்'னு சொல்லுச்சு. நானும் நம்பி, ஃபிட்டுன்னு கையெழுத்துப் போட்டேன். ரெய்டு போன புள்ள கோட்டத் தொடாமலே விழுந்துருச்சு... மூணு நாளு ஆஸ்பத்திரி. அதுக்கப்புறம்தான் இந்தக் கோர்ஸ் எல்லாம் படிக்கணும்னு வந்தேன். அந்தக் கையெழுத்த இன்னொருக்காப் போட முடியாதுங்க."

நியாயம்தான். அது அவளுக்கு அப்போதே புரிந்தது. நியாயம் என்று புரிந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது.

"நான் ஒங்க பிளேயர் இல்லை மாஸ்டர்," என்றாள். "நான் சாப்பிட்டா என்ன, சாப்பிடாட்டி என்ன... ஒங்களுக்கு என்ன வந்துச்சு?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அவள் மழையில் இறங்கி நடந்துவிட்டாள்.

*

அடுத்த வாரம் கேட்க வேண்டியவள் அவள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு எண்ணை எடுத்து வைத்துக்கொண்டாள். அழுத்தவில்லை. ஏழேகாலுக்குப் போனைத் திருப்பிப் போட்டாள். செவ்வாயும் அப்படியே. அவன் கூப்பிடுவான் என்று ஒரு மூலையில் எதிர்பார்ப்பு இருந்தது. கூப்பிடவில்லை. அவன் ஏன் கூப்பிட வேண்டும்? இது அவளுடைய முறை.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு முதியவரிடம், வெள்ளைச்சாமி என்று சீட்டில் இருந்தது, வழக்கம்போல, "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்றாள். அவர் மகளைப் பார்த்தார். மகள் முந்திக்கொண்டு, "ரெண்டு இட்லி மேடம்," என்றாள். "ஒண்ணுதான் தாயி," என்றார் அவர். "ரெண்டுன்னு சொன்னாத்தான் இவ தூங்குறா." இருவரும் சிரித்தார்கள். கண்ணாத்தாள் குனிந்து சீட்டில் எழுதினாள். எழுத்து கலங்கித் தெரிந்தது. பொய் சொல்வதற்குக்கூட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

அன்று ஏழு மணிக்கு ஒரு நோட்டை எடுத்து, தேதி போட்டு, எழுதத் தொடங்கினாள். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எழுதினாள்.

*

மூன்றாவது ஞாயிறு மாலை. சான்றிதழ் கொடுத்து முடித்தார்கள். இரண்டு பேருக்கு மட்டும் இல்லை. "அடுத்த தடவை வந்து முடிச்சுக்குங்க," என்று டாக்டர் ரகுநாத் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார்கள். சோலையப்பன் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். தாழ்வாரத்தில் அவள் நின்றாள்.

"என்னால ஒங்களுக்கும் சர்டிபிகேட் போச்சு," என்றாள்.

"போகட்டும் மேடம்."

"நான் கூப்பிடலை. ஒங்க தாள் பூரா வெத்தாத்தான் இருக்கு."

"ஆறு நாளும் ஏழு மணிக்குப் பிராக்டிஸ நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். 'மாஸ்டருக்கு யாரோ ஃபோன் பண்ணப் போறாங்க'ன்னு புள்ளைங்க ஒரே சிரிப்பு." அவன் சிரிக்கவில்லை. "எட்டு மணிக்கு அதுகளே பாவம்னு சிரிக்கிறத நிறுத்திருச்சுங்க."

அவள் நோட்டை நீட்டினாள். அவன் அங்கேயே நின்று படித்தான்.

புதன்: டீ மூன்று. இட்லி ஒன்று, நின்றுகொண்டு. இரவு, இல்லை.

வியாழன்: டீ. கேன்டீன் சாதம், நாலு வாய். இரவு, பிஸ்கட். அடுப்புப் பற்றவைத்தேன், என்ன வைப்பதென்று தெரியவில்லை. அணைத்துவிட்டேன்.

வெள்ளி: டீ இரண்டு. வாழைப்பழம். இரவு, இல்லை.

சனி: ஒன்றுமில்லை. பசிக்கவில்லை.

அவன் வெகுநேரம் தலை நிமிரவில்லை. படித்து முடித்த பிறகும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மழை விட்டிருந்தது. மரங்களிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்குக் கையெழுத்துப் போடுவீங்களா?" என்றாள்.

"இதுக்கு எப்புடிங்க போடுறது..." குரல் கரகரத்தது.

"மாஸ்டர், ஒண்ணு சொல்லணும். டயட்டீஷியன்னு கௌரவத்துக்காக நான் பொய் சொல்லலை. மொதல் நாள் உண்மையச் சொன்னேன். ஒரு நிமிஷத்துல வச்சுட்டீங்க. அடுத்த நாள் எட்டு அயிட்டம் சொன்னேன். பன்னெண்டு நிமிஷம் பேசினீங்க. அவ்வளவுதான்." மூச்சு வாங்கியது. "எனக்கு... நீங்க வைக்கக் கூடாதுன்னு இருந்துச்சு."

சொல்லிவிட்டாள். இனி அவன் பரிதாபப்படுவான். பரிதாபப்பட்டால் இந்த மழைத்தண்ணீரில் இறங்கி ஓடிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"மேடம்," என்றான் அவன் மெதுவாக. "எந்தக் கரண்டின்னு படிவத்துல ஒரு தடவ எழுதினாப் போதும். நான் எதுக்கு ஒவ்வொரு அயிட்டத்துக்கும் கேட்டேன்னு நெனச்சீங்க?"

அவள் நிமிர்ந்தாள்.

"செவ்வாக்கெழமையே எனக்குச் சந்தேகம். கீரை சொன்ன அன்னைக்கு முடிவாத் தெரிஞ்சு போச்சு. சனிக்கெழமை தெரிஞ்சேதான் கேட்டேன். நீங்களும் சொன்னீங்க, நானும் எழுதினேன்... வைஷ்ணவிகிட்ட நான் தெரியாம ஏமாந்தேன். ஒங்ககிட்ட தெரிஞ்சே ஏமாந்தேன். அதான் பயந்து போனேன். எனக்குப் பேச்சு வேணும்னு, ஒருத்தங்க பட்டினி கெடக்கறத எழுதிக்கிட்டு உக்காந்திருக்கேனேன்னு... கையெழுத்துப் போடலன்னா அது ஒங்க மேல கோவம் இல்லைங்க. எம் மேல."

உள்ளே கடைசி நாற்காலியை மடக்கும் சத்தம் கேட்டது. விளக்கை அணைத்தார்கள்.

"கோர்ஸ் முடிஞ்சிருச்சு," என்றாள். "நாளைக்கு ஏழு மணிக்கு யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்லை."

"கேக்கணும்னு இருக்கு."

"கேட்டா மறுபடியும் பொய் சொல்லுவேன்." கண்ணில் நீரோடு சிரித்தாள். "வந்து பாத்துக்குங்க."

அவன் அதைப் புரிந்துகொள்ள ஒரு கணம் ஆனது. புரிந்ததும் அந்தக் கருத்த கண்கள் தரையைப் பார்த்தன. பதினாறு பெண்பிள்ளைகளை மிரட்டி ஓடவிடுகிறவனுக்கு வார்த்தை தடுமாறியது.

"நீங்க தனியா இருக்கற வீடு... நான் மட்டும் வந்தா அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி பேசுவாங்க..." பையின் வாரை இழுத்து விட்டான். "வர்ற ஞாயித்துக்கெழமை மதினியக் கூட்டியாரவா?"

மதினியை. எதற்கு மதினியைக் கூட்டிவருவார்கள் என்பது இந்த மாவட்டத்தில் எந்தப் பெண்ணுக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவளுக்குக் கன்னம் சூடேறியது. பெண் கேட்டு ஒரு வீட்டார் வருவது எத்தனை வருடம் கழித்து...

"கூட்டிட்டு வாங்க," என்றாள், அவனுக்குக் கேட்டதோ என்னவோ என்ற குரலில். பிறகு திடீரென்று பயந்தாள். "ஆனா என் சமையல் நல்லா இருக்காது. நாலு வருசமா ஒண்ணும் வச்சதில்லை. அதோட... வீட்டுல ஒரே ஒரு தட்டுதான் இருக்கு."

"அதுக்கென்ன? வீட்டுக்குப் பின்னால வாழை நிக்கிது. எலை அறுத்துட்டு வாரேன்." அவன் முகம் முழுக்க மலர்ந்திருந்தது. "எத்தன எலை வேணும், கண்ணாத்தா?"

முதல் முறையாகப் பெயர் சொன்னான். அவள் விரல் மடக்கினாள். அவன் ஒன்று... அவன் மதினி ஒன்று...

"ரெண்டு," என்றாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். மரத்திலிருந்து ஒரு சொட்டு அவள் தோளில் விழுந்தது. அவன் ஏன் இன்னும் அப்படிப் பார்க்கிறான் என்று யோசித்தாள்... யோசித்து, தன் கையைக் குனிந்து பார்த்தாள். தனக்கென்று ஒரு விரலை மடக்கியிருக்கவில்லை.

"மூணு," என்றாள்.